ரிபோஃப்ளேவின் சிந்தேஸ் செய்முறைப் பெட்டி: நொதி நன்று, கையேடு பாதி

நுண்ணுயிரிகள் வைட்டமின் பி2-ஐ, அதாவது ரிபோஃப்ளேவினை, உண்டாக்கும் பாதையின் கடைசிப் படியை நடத்தித் தரும் நொதிக்கு ரிபோஃப்ளேவின் சிந்தேஸ் என்று பெயர். அந்த நொதியை உறைநிலையில் உலர்த்தித் தூளாக்கி, அதற்குரிய தளப்பொருளையும் (நொதி மாற்றும் மூலப்பொருள்) பஃபரையும் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) சேர்த்து, கல்லூரி ஆய்வகங்களுக்கென்று ஒரு செய்முறைப் பெட்டியாக விற்கிறார்கள். சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் பாடம் நடத்தும் நான், முதுகலை மாணவர்களின் நொதியியல் செய்முறை வகுப்புக்காக அதை வாங்கிப் பயன்படுத்தினேன். பெட்டிக்குள் இருக்கும் நொதிக்குக் குறை சொல்ல இடமில்லை. அதனோடு வரும் கையேடுதான், நொதி செய்கிற வேலையில் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. தயாரித்த நிறுவனத்தின் பெயரையோ உள்ளூர் முகவரின் பெயரையோ இங்கே எழுதவில்லை. இத்தகைய பெட்டியை யாரிடம் வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை இவையே என்பதால், பெயர் தெரியாமல் போவதால் வாங்குவோருக்கு இழப்பு எதுவும் இல்லை.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் நொதிச் செய்முறை என்றாலே உமிழ்நீர் அமைலேஸ்தான். மரவள்ளியும் ஜவ்வரிசியும் மலிந்த மாவட்டம் என்பதால் மாவுக்குப் பஞ்சமில்லை. வாயைக் கொப்பளித்து உமிழ்நீர் எடுத்து, அயோடின் சொட்டு விட்டு, நீலம் மறையும் நேரத்தைக் குறித்து, ரெக்கார்டு நோட்டில் வரைபடம் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. இளங்கலைக்கு அது போதும். ஆனால் ஒரு நீண்ட சங்கிலியை வெட்டுவதற்கு மேல் அந்த நொதியிடம் முதுகலை மாணவர் கேட்டறிய அதிகம் இல்லை. சற்றே உயர்ந்த செய்முறைக்குப் போனால் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் போன்றவை வருகின்றன. அவற்றை அளக்க 340 நானோமீட்டர் அலைநீளத்தில் படிக்கும் புற ஊதா ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். துறைக்கு அது ஒன்றுதான் இருக்கும், அதன் முன்னால் வகுப்பே வரிசையில் நிற்கும், கியூவெட் என்ற அளவைக் குப்பிக்குள் நடப்பது கண்ணுக்கும் தெரியாது. ரிபோஃப்ளேவின் சிந்தேஸுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஈ.கோலை நுண்ணுயிரியில் இருந்து வரும் இந்த நொதிக்குத் துணைக்காரணி வேண்டாம், ஏடிபி வேண்டாம், உலோக அயனி வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம். தளப்பொருளோடு கலந்தால் போதும். விளைபொருள் மஞ்சளாகக் கண்ணெதிரே சேரும்.

வினையின் போக்கைச் சொல்லாமல் பெட்டியின் நிறைகுறைகளைச் சொல்ல முடியாது. தளப்பொருளின் முழுப்பெயர் 6,7-டைமெத்தில்-8-ரிபிட்டில்லூமாசின். இனி லூமாசின் என்றே சொல்கிறேன். ரிபோஃப்ளேவினை மிகுதியாகச் சுரக்கும் எரிமோதீசியம் அஷ்பியி என்ற பூஞ்சையில் இருந்து, பச்சையாக ஒளிரும் இப்பொருளை 1950களில் மசூடா என்ற ஜப்பானிய ஆய்வாளர் பிரித்தெடுத்தார். அதை ரிபோஃப்ளேவினாக மாற்றும் நொதியை ஜி.டபிள்யூ.இ. பிளாட்டும் உடன் பணியாற்றியோரும் 1960களில் விரிவாக ஆராய்ந்தனர். இரண்டு லூமாசின் மூலக்கூறுகள் நொதியின் குழிக்குள் ஒன்றுக்கொன்று தலைமாடு கால்மாடாகப் படுக்கின்றன. ஒன்று தன்னிடமுள்ள நான்கு கார்பன் அணுத் துண்டை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடுகிறது. பெற்றுக்கொண்டது மூன்று வளையங்கள் கொண்ட ரிபோஃப்ளேவினாக வளர்கிறது. கொடுத்தது ஒரே வளையமுள்ள 5-அமினோ-6-ரிபிட்டிலமினோயுராசிலாகத் தேய்ந்து வெளியேறுகிறது. இடையில் இரண்டும் ஒட்டிச் சேர்ந்த, ஐந்து வளையங்கள் கொண்ட ஓர் இடைப்பொருள் உண்டு என்பதை, நொதியின் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி வினையைப் பாதியில் தடுத்து நிறுத்தியதன் மூலம், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அடெல்பர்ட் பாக்கரும் அவர் குழுவினரும் 2001இல் காட்டினர். ஒரே பொருளின் இரு மூலக்கூறுகளில் ஒன்று கொடையாளியாகவும் மற்றொன்று பெறுநராகவும் நின்று கார்பன் துண்டையே கைமாற்றிக்கொள்ளும் இந்த வினைக்கு நிகரான இன்னொன்றை நம் பாடத்திட்டத்தில் தேடிப்பிடிப்பது கடினம். இந்தப் பெட்டியை வாங்கத் தூண்டியதும் இதுவே.

பெட்டியில் நொதித் தூள் ஒரு குப்பி, லூமாசின் தூள் ஒரு குப்பி, ஒப்பீட்டுக்கான ரிபோஃப்ளேவின் ஒரு குப்பி, பத்து மடங்கு செறிவில் பாஸ்பேட் பஃபர் ஒரு பாட்டில், அச்சிட்ட கையேடு ஆகியவை இருந்தன. கூரியரில் வந்து சேர்ந்தது சித்திரை வெயிலில். தெர்மோகோல் பெட்டியைப் பிரித்தபோது ஐஸ் பேக் இரண்டும் வெந்நீர்ப் பைகளைப்போலத் தளர்ந்து கிடந்தன. குளிர்நிலை கெட்டால் நிறம் மாறிக் காட்டும் ஒட்டுச்சீட்டும் இல்லை. திருப்பி அனுப்பலாமா என்ற யோசனை எழுந்தது உண்மை. ஆனால் உலர்தூளாக வந்ததால் நொதிக்கு எந்தப் பழுதும் நேரவில்லை என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. திரவமாக, கிளிசராலில் கரைத்து விற்கும் நொதிகளை நம் ஊருக்குக் கோடையில் வரவழைத்து நொந்தவர்களுக்கு, இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பெட்டியைப் பரிந்துரைப்பேன். இன்னொன்றும் உண்டு: வினையை 37 டிகிரி செல்சியஸில் நடத்தச் சொல்கிறது கையேடு, ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஆய்வகத்தில் அதற்கென்று வாட்டர் பாத்தைச் சூடேற்ற வேண்டிய தேவையே எழவில்லை.

வகுப்பில் நடந்ததைச் சற்று அருகிலிருந்து சொல்கிறேன். லூமாசினைப் பஃபரில் கரைத்தால் வெளிர் மஞ்சள்தான்; எலுமிச்சைத் தோலின் உட்புறத்துக்குச் சற்று மேலான நிறம். நொதியை விட்ட குழாயையும் விடாத குழாயையும் வெள்ளைத் தாளின் முன் சேர்த்துப் பிடித்தால், முதல் ஐந்து நிமிடம் வேறுபாடு சொல்ல முடியாது. கால் மணி நேரம் கழிந்தபின் நொதியுள்ள குழாயில் மஞ்சள் தடிக்கிறது. அரை மணியில் பின்வரிசையில் நிற்பவருக்கும் தெரிகிறது. விளக்கை அணைத்து, மெல்லடுக்குத் தாள்களைப் பார்க்க வைத்திருக்கும் 366 நானோமீட்டர் யூவி விளக்கின் கீழ் வைத்தால் காட்சி இன்னும் தெளிவு: நொதியில்லாத குழாய் நீலம் கலந்த பச்சையாக ஒளிர, நொதியுள்ளது மஞ்சள் கலந்த பச்சைக்கு நகர்ந்திருக்கிறது. லூமாசினின் ஒளிர்வு 490 நானோமீட்டரை ஒட்டியும் ரிபோஃப்ளேவினின் ஒளிர்வு 530 நானோமீட்டரை ஒட்டியும் உச்சம் கொள்வதால் வரும் வேறுபாடு இது. எண்களாகக் கரும்பலகையில் எழுதினால் மாணவர் மனத்தில் நிற்காதது, இரண்டு குழாய்களைக் கையில் கொடுத்தவுடன் நின்றுவிட்டது.

இந்த நொதி மிக மந்தமானது. வேகமான நொதிகள் ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான வினைகளை முடிக்கும்போது, இது ஒரு வினைக்கு ஒரு வினாடிக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். ஆய்வாளருக்கு அது குறையாகத் தோன்றலாம், வகுப்புக்கு வரம். நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்தால் அரை மணி நேரத்துக்குக் கோடு நேராகவே போகிறது. ஒருவர் பிப்பெட்டைத் தேடி, மற்றொருவர் கியூவெட்டைத் துடைத்து, மூன்றாமவர் நேரத்தைக் குறிப்பதற்குள் வினை முடிந்துபோகும் அவதி இல்லை. நடுவில் கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரையிலும் குழாயைப் பனிக்கட்டியில் நட்டுவைத்துக் காத்திருக்க முடிந்தது.

இனி, கையேட்டின் குறைகள். முதலாவது அலைநீளம். ஒளி உறிஞ்சலை 450 நானோமீட்டரில் அளக்கச் சொல்கிறது கையேடு. ரிபோஃப்ளேவினின் உச்சம் 445 நானோமீட்டர் அருகில் இருப்பதால் அப்படி எழுதியிருக்கக்கூடும். ஆனால் லூமாசினின் உச்சம் 407 நானோமீட்டரை ஒட்டியது. அதன் சரிவு 450ஐத் தாண்டியும் நீள்கிறது. ஆகவே 450இல் அளந்தால், சேரும் ரிபோஃப்ளேவினால் கூடும் உறிஞ்சலில் இருந்து, கரையும் லூமாசினால் குறையும் உறிஞ்சல் கழிந்துகொண்டே இருக்கும். அதுவும் ஒன்றுக்கு இரண்டாகக் கழியும். நொதியின் வேகம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். 470 நானோமீட்டருக்குப் போனால் லூமாசினின் பங்கு மிகவும் சிறுத்துவிடுகிறது. இந்த நொதியை ஆராய்வோர் நெடுங்காலமாக அங்கேதான் அளக்கிறார்கள், கணக்குக்கு 9,600 என்ற மோலார் உறிஞ்சல் கெழுவையும் (ஒரு மோலார் கரைசல் ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் காட்டும் உறிஞ்சல்) கொள்கிறார்கள். நாங்களும் 470க்கு மாறியபின் அளவுகள் சீராயின. இதில் கைமேல் கிடைத்த ஆதாயம் வேறு: பல கல்லூரிகளில் தூசு படிந்து கிடக்கும் சாதாரணக் கலரிமீட்டரிலும் 470 வடிகட்டி உண்டு. ஸ்பெக்ட்ரோமீட்டர் முன் வரிசை கட்டாமல், கலரிமீட்டர்களைப் பிரித்துக் கொடுத்து வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வைக்க முடிந்தது. ஒரு வரி மாற்றினால் தங்கள் பெட்டி எத்தனை கல்லூரிகளுக்கு எட்டும் என்பதை நிறுவனம் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்தது இதைவிடப் பெரியது. கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் வினையை வரைந்திருக்கும் விதம் இப்படி: இடப்பக்கம் ஒரு லூமாசின், நடுவில் அம்புக்குறி, வலப்பக்கம் ஒரு ரிபோஃப்ளேவின். முடிந்தது. இரண்டாவது லூமாசின் இல்லை, வெளியேறும் யுராசில் வகைப் பொருளும் இல்லை. கையேட்டின் கணக்கு அட்டவணையும் இதே ஒன்றுக்கு ஒன்று என்ற அனுமானத்தில் போடப்பட்டிருக்கிறது. எங்கள் வகுப்பில் கியூவெட்டில் லூமாசினின் செறிவு 0.2 மில்லிமோலார். கையேட்டை நம்பினால் வினை முழுதும் முடியும்போது 0.2 மில்லிமோலார் ரிபோஃப்ளேவின் வர வேண்டும், 470 நானோமீட்டரில் உறிஞ்சல் 1.92 கூட வேண்டும். உண்மையில் 0.1 மில்லிமோலாருக்கு மேல் வர வழியில்லை, உறிஞ்சல் 0.96ஐ ஒட்டியே நிற்கும். நொதியைக் கூடுதலாக ஊற்றி இரவு முழுக்க வைத்துப் பார்த்த ஒரு குழு, மறுநாள் அளந்துவிட்டு வந்து, "சார், பாதிதானே வந்திருக்கு, மீதி என்னாச்சு?" என்று கேட்டது. அந்தக் கேள்வியில்தான் இந்தச் செய்முறையின் உயிரே இருக்கிறது. அதைக் கேட்க வைக்கும்படி கையேட்டை எழுதியிருந்தால் பாராட்டியிருப்பேன். நொதி செயலிழந்துவிட்டது போலும் என்று எண்ண வைக்கும்படியல்லவா எழுதியிருக்கிறார்கள்! பின்பக்கத்தில் உள்ள பிழை தீர்க்கும் பகுதியோ, விளைச்சல் 60 சதவீதத்துக்குக் குறைந்தால் புதிய நொதிக் குப்பியைப் பயன்படுத்துமாறு அறிவுரை சொல்கிறது. 50 சதவீதமே உச்சவரம்பாக உள்ள வினைக்கு இந்த அறிவுரையைப் பின்பற்றினால் குப்பி மேல் குப்பியாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மீதிப் பாதி எங்கே போகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது கணக்கைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. நுண்ணுயிரிக்குள் அந்த யுராசில் வகைப் பொருள் வீணாவதில்லை. பாதையில் இதற்கு முந்தைய படியை நடத்தும் லூமாசின் சிந்தேஸ் என்ற நொதி அதை எடுத்து, நான்கு கார்பன் கொண்ட ஒரு சர்க்கரைப் பாஸ்பேட்டுடன் சேர்த்து, மீண்டும் லூமாசினாக்கிவிடுகிறது. தேய்ந்தது வளர்ந்து மறுபடி வரிசைக்கு வருகிறது. பாதையின் தொடக்கப் பொருள்களான ஒரு ஜிடிபியும் இரண்டு ரிபுலோஸ் பாஸ்பேட்டும் செலவானால் ஒரு ரிபோஃப்ளேவின் என்ற மொத்தக் கணக்கு சரியாவது இந்தச் சுழற்சியால்தான். பேசில்லஸ் சப்டிலிஸ் இதில் ஒரு படி மேலே போகிறது: லூமாசின் சிந்தேஸின் 60 துணையலகுகள் (தனித்தனிப் புரதச் சங்கிலிகள்) சேர்ந்து வைரஸின் மேலுறையைப் போன்ற இருபது முகக் கூடு ஒன்றைக் கட்ட, அதன் வயிற்றுக்குள் ரிபோஃப்ளேவின் சிந்தேஸின் மூன்று துணையலகுகள் அடைபட்டு உட்கார்ந்திருக்கின்றன. மொத்த எடை ஏறத்தாழ பத்து லட்சம் டால்டன். ஒரு நொதி தேய்த்து விட்டதை இன்னொன்று அதே கூட்டுக்குள்ளேயே பிடித்து வளர்த்துவிடுகிறது.

இதைவிட மருத்துவத்தோடு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. மனிதருக்கு ரிபோஃப்ளேவினை உண்டாக்கும் பாதை கிடையாது; உணவில் இருந்தே பெறுகிறோம். ஆகவே இந்தப் பாதையின் பொருள்கள் உடலில் தென்பட்டால், பக்கத்தில் நுண்ணுயிரி இருக்கிறது என்று பொருள். நம் நோயெதிர்ப்பு மண்டலத்தில் மெயிட் செல்கள் எனப்படும் ஒரு வகை டி செல்கள் இந்தத் தடயத்தை மோப்பம் பிடிக்கின்றன. 2012இலும் 2014இலும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைகளால் இது துலங்கியது: யுராசில் வகைப் பொருள் மெத்தில்கிளையாக்சால் போன்ற சிறு மூலக்கூறுகளோடு சேர்ந்து உண்டாகும் நிலையற்ற பொருளை எம்ஆர்1 என்ற புரதம் ஏந்திக் காட்ட, மெயிட் செல்கள் விழித்துக்கொள்கின்றன. லூமாசினும் அதே புரதத்தில் ஒட்டக்கூடியதே. ஆக, கையேடு எழுதவே தேவையில்லை என்று ஒதுக்கிய அந்த இரண்டாவது விளைபொருளுக்குத்தான் கடந்த பத்தாண்டுகளில் நோயெதிர்ப்பியலில் மதிப்பு கூடியிருக்கிறது. முதுகலை மாணவருக்கென்று விற்கும் பெட்டியில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம். பாதுகாப்புக் குறிப்புகளை இருமுறை அச்சிட இடமிருந்திருக்கிறது.

கட்டுப்பாட்டுக் குழாய் பற்றிய அறிவுரையும் சரியில்லை. நொதியும் லூமாசினும் கலந்த கலவையை அப்படியே ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, அதை வினை நடக்காத குழாயாகக் கொள்ளச் சொல்கிறது கையேடு. மற்ற நொதிகளுக்கு இது பழகிய வழி. ஆனால் லூமாசின் நொதியே இல்லாமல், நடுநிலைக் கரைசலில் கொதிக்க வைத்தாலே மெல்ல ரிபோஃப்ளேவினாக மாறும் இயல்புடையது. ரோவனும் உட்டும் 1960களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டிவிட்டனர். நொதி வழி நடப்பதும் கொதிப்பில் நடப்பதும் ஒரே விதமாகத்தான் கார்பன் துண்டை ஒட்டுகின்றன. ஐந்து நிமிடத்தில் உண்டாகும் அளவு மிகச் சிறிதே என்றாலும், சுழியம் என்று கொள்ள வேண்டிய குழாயில் விளைபொருளை உண்டாக்கும் செயலைச் செய்யச் சொல்வது முறையாகாது. நொதிக் கரைசலை மட்டும் தனியே கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அதன்பின் லூமாசினைச் சேர்ப்பதே சரி. நாங்கள் அப்படித்தான் செய்தோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால், அங்குள்ள ஆய்வகங்களில் இந்தப் படி பலிக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். ஈ.கோலை நொதியைக் குலைக்க அந்த வெப்பமே தாராளம்.

மாறாக, இந்தக் கொதிப்பு வினையைக் கையேடு ஒரு தனிச் செய்முறையாகவே கொடுத்திருக்கலாம். நொதி இல்லாமலும் நடக்கக்கூடிய வினையை நொதி எதனால் விரைவுபடுத்துகிறது என்று கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை. லூமாசினின் ஏழாம் இடத்து மெத்தில் தொகுதி தன் புரோட்டானை எளிதில் விட்டுக்கொடுக்கும் தன்மையுடையது. வினைக்கான முனைப்பு மூலக்கூறுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. நொதியின் பங்கு பெரும்பாலும் இரண்டு மூலக்கூறுகளையும் சரியான நிலையில் நேருக்கு நேர் பிடித்து நிறுத்துவதே. ஈ.கோலை நொதியின் படிக அமைப்பு 2001இல் வெளியானது: 213 அமினோ அமிலங்கள் கொண்ட மூன்று துணையலகுகள் சேர்ந்த மூவணி அது. ஒவ்வொரு துணையலகிலும் ஏறத்தாழ ஒரே சாயலில் இரு பாதிகள். ஒரு துணையலகின் முன்பாதியும் அண்டைத் துணையலகின் பின்பாதியும் எதிர்ப்படும் இடுக்கில்தான் இரண்டு லூமாசின்களும் சந்திக்கின்றன. ஆளுக்கொரு மூலக்கூறைப் பிடித்துக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். கையேட்டில் அமைப்புப் படம் ஒன்று, வண்ணத்தில், அழகாக இருக்கிறது. ஆனால் தளப்பொருள் எங்கே அமர்கிறது என்பது அதில் குறிக்கப்படவில்லை.

ரிபோஃப்ளேவின் ஒப்பீட்டுக் குப்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போவதற்குப் பெயர் போன வைட்டமின் இது. நடுநிலை அல்லது அமிலக் கரைசலில் லூமிக்ரோமாகவும் காரக் கரைசலில் லூமிஃப்ளேவினாகவும் சிதைந்துவிடும். பழுப்புக் கண்ணாடியில் தர வேண்டிய அதை நிறமற்ற குப்பியில் தந்திருக்கிறார்கள். நொதிக் குப்பி மட்டும், ஏனோ, பழுப்பு நிறத்தில் வந்தது. எங்கள் ஆய்வகத்தின் மேற்கு ஜன்னலோரம், கரைத்த ஒப்பீட்டுக் கரைசலை இரண்டு குழாய்களில் ஊற்றி, ஒன்றை அலுமினியத் தாளால் சுற்றி, மற்றதை வெறுமனே விட்டு, மதிய வெயிலில் வைத்தோம். மாலையில் வெறும் குழாய் ஏறக்குறைய நிறமிழந்து நின்றது. யூவி விளக்கின் கீழ் அதன் ஒளிர்வு நீலத்துக்குத் திரும்பியிருந்தது. மாணவர்களுக்கு இது நல்ல பாடமாக அமைந்தது என்பது வேறு விஷயம். விலை கொடுத்து வாங்கிய ஒப்பீட்டுப் பொருளுக்கு இந்தக் கதி நேரலாகாது. போதாக்குறைக்கு, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் தண்ணீரில் கரைத்து ஸ்டாக் கரைசல் தயாரிக்கச் சொல்கிறது கையேடு. அறை வெப்பநிலையில் ரிபோஃப்ளேவின் ஒரு லிட்டர் தண்ணீரில் நூறு மில்லிகிராம்கூடக் கரையாது. அந்த ஸ்டாக் கரைசலின் அடியில் ஆரஞ்சு நிற வண்டல்தான் தங்கும். வண்டலைக் கலக்கிப் பிப்பெட்டில் எடுத்தால் ஒவ்வொருவர் அளவும் ஒவ்வொன்றாக இருக்கும். பத்து மடங்குக்கும் மேல் நீர்த்த கரைசலாகவே தயாரித்துப் பயன்படுத்தினோம்.

மரபணுவின் பெயரைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. நொதியின் மரபணு ரிப்-சி என்று கையேடு சொல்வது ஈ.கோலைக்குச் சரி. ஆனால் பேசில்லஸ் சப்டிலிஸில் ரிப்-சி என்பது வேறொரு நொதிக்கு, அதாவது ரிபோஃப்ளேவினை எஃப்எம்என், எஃப்ஏடி என்ற துணைநொதிகளாக மாற்றும் நொதிக்கு, உரிய பெயர். தொழிற்சாலைகளில் ரிபோஃப்ளேவின் தயாரிப்பது பெரும்பாலும் பேசில்லஸையும் அஷ்பியா காசிப்பி என்ற பூஞ்சையையும் கொண்டுதான் என்பதால், மாணவர்கள் இணையத்தில் தேடினால் முதலில் அகப்படுவது பேசில்லஸ் கட்டுரைகளே. எங்கள் வகுப்பில் கருத்தரங்க உரைக்குத் தயாரித்த ஒருவர், ரிப்-சி பழுதானால் ரிபோஃப்ளேவின் பெருகுகிறது என்று படித்துவிட்டு, சிந்தேஸ் பழுதானால் விளைபொருள் எப்படிப் பெருகும் என்று குழம்பிப் போனார். நியாயமான குழப்பம். எஃப்எம்என்னை உணர்ந்து மரபணுக்களை அடக்கும் ரிபோசுவிட்சு (ஆர்என்ஏவில் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதி), எஃப்எம்என் குறைந்தால் தளர்ந்து, பாதை முழுவதும் திறந்துகொள்வதால் வரும் பெருக்கம் அது. கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துவிடும்.

இத்தனை குறை சொன்ன பின்னும் பெட்டியை வாங்கலாம் என்றே சொல்வேன். குறைகளில் பெரும்பாலானவை தாளில் இருப்பவை. ஆசிரியர் கையேட்டை மேசை அறையில் போட்டுவிட்டுத் தாமே குறிப்பெழுதிக் கொடுத்தால் தீரும். கலரிமீட்டர் மட்டுமே உள்ள கல்லூரிகள் தயங்காமல் வாங்கலாம். இளங்கலை வகுப்புகளுக்கு வாங்க வேண்டாம். நிறம் மாறுவதைக் காட்டுவதற்கு மட்டும் இந்த விலை அதிகம், அவர்களுக்கு அமைலேஸே போதும். ஆய்வுக்கென்று நொதியைத் தேடுவோருக்கும் இது ஏற்றதல்ல, ஏனெனில் தூய்மை பற்றிய சான்றிதழில் புரத அளவு மட்டுமே உள்ளது, செயல்திறன் அலகு குறிக்கப்படவில்லை. இரண்டாவது குப்பியாக லூமாசின் சிந்தேஸையும் சேர்த்து ஒரு பெரிய பெட்டி வெளியிட்டால், அந்தப் பாதிக் கணக்கு முழுக் கணக்காவதைக் குழாயிலேயே காட்ட முடியும். நான்கு கார்பன் சர்க்கரைப் பாஸ்பேட் எளிதில் கெடும் பொருள் என்பதால் அதைத் தருவது அவர்களுக்குச் சிரமமாக இருக்கலாம், ஆனால் ரிபுலோஸ் பாஸ்பேட்டில் இருந்து அதை உண்டாக்கும் நொதியும் சிறியதே, கட்டுப்படியாகாத ஒன்றல்ல.

முகவரின் சேவை குறித்துச் சொல்ல அதிகம் இல்லை: விலைப்பட்டியல் அன்றே வந்தது, பொருள் சொன்ன வாரத்தில் வந்தது, ரசீதில் ஜிஎஸ்டி எண் தவறாக இருந்ததைக் கேட்டவுடன் திருத்தித் தந்தார்கள். லூமாசின் குப்பியை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேட்டதற்குத்தான் நிறுவனத்திடம் இருந்து இணக்கமான பதில் இல்லை. முழுப் பெட்டியாகவே வாங்க வேண்டும் என்கிறார்கள். ஒரு வகுப்புக்குப் பின் லூமாசின் முழுதும் தீர்ந்திருக்க, நொதித் தூள் பாதிக்கு மேல் ஃப்ரீசரில் மிஞ்சி இருக்கிறது. தளப்பொருளுக்காக மறுபடியும் ஐந்திலக்கத் தொகை கொடுக்கச் சொல்வது எந்தத் துறைத் தலைவருக்கும் கட்டுப்படியாகாது. தனிக் குப்பி விற்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே மறு ஆர்டர் என்று முகவரிடம் சொல்லி, டிசம்பருக்குள் பதில் கேட்டிருக்கிறோம். வாங்க நினைக்கும் மற்ற கல்லூரிகளும் முதல் ஆர்டரிலேயே இந்த நிபந்தனையை எழுதிக் கேட்பது நல்லது.